எனாமலா, சாக்பீஸா?

வாங்க சார், வாங்க. இந்தாண்ட குந்துங்க. அந்தப் பெஞ்சு ஆடும். ஆடுற நாற்காலி உங்களுக்குப் புதுசில்லதான். டீ குடிக்கிற நேரத்துலயாவது ஆடாத எடமாப் பாத்துக் குந்தலாமேன்னு சொன்னேன்.

மாஸ்டர், சாருக்கு ஒரு டீ. சக்கரை எப்டி சார், ‘கொஞ்சம் கம்மியா’வா? சரி. புதுசா வர்ற ஆபீசருங்க எல்லாம் ‘கம்மியா’ன்னுதான் ஆரம்பிப்பாங்க. மூணு மாசம் போனா ‘சுத்தமா வோணாம்’பாங்க. இந்தத் திருவண்ணாமலை வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸுக்கு எதிர குந்திக்கினு, டீயில விழற சக்கரையப் பாத்தே யாரு வந்து எத்தினி மாசமாச்சுன்னு சொல்லிடுவேன்.

நான் யாரா? உங்க பியூன் சொல்லலையா? பலகை எழுதறவன் சார். எழுபத்தாறு வயசாவுது. ஒரு காலத்துல இந்த வேலூர் ரோட்டுல பாதி கடை போர்டு என் கையெழுத்து. அப்பால ஃப்ளெக்ஸ் வந்துச்சு, என் பிரஷ்ஷெல்லாம் பரணுக்குப் போயிடுச்சு. இப்போ எனக்குன்னு மிச்சம் கீற வேலை ஒண்ணே ஒண்ணுதான். உங்க நாற்காலிக்குப் பின்னால சுவத்துல மாட்டிக்கீதே, அந்தப் பலகை. வந்த அன்னிக்கே பாத்திருப்பீங்க. பாக்காத மாரி பாத்திருப்பீங்க.

தேக்குச் சட்டம், கறுப்பு எனாமல், வெள்ளை எழுத்து. நாலு கட்டம்: வரிசை எண், பெயர், முதல், வரை. சாக்பீஸ் தடவின நூலை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சி ஒரு சுண்டு சுண்டுவேன், கோடு விழும். அந்தக் கோட்டுமேல பேரை எழுதி, பேருக்குப் பின்னாடி எம்.ஏ., எம்.எஸ்ஸி., எம்.எட்.னு பட்டத்தையெல்லாம் தொங்கவிட்டு, ‘முதல்’ கட்டத்துல வந்த தேதியைப் போட்டுட்டு எறங்கிடுவேன். ‘வரை’ கட்டத்தைக் காலியா வெச்சிடுவேன். ஆபீசரு நாற்காலில குந்தி ஃபைல் பாக்கற நேரமெல்லாம், முதுகுக்குப் பின்னால அந்தக் காலிக் கட்டம் வாயத் தொறந்துக்கினு கீது. எதிர குந்தற ஒவ்வொருத்தனுக்கும் அது தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது.

ஒரு ஆபீஸ்ல மூணு பலகை எழுதிக்கீறேன். எந்த ஆபீஸ், எந்த ஊருன்னு கேக்காதீங்க, அங்க எனக்கு இன்னும் கூலி பாக்கி வரணும். முதல் பலகை நிறையறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடுச்சு. ரெண்டாவது நிறையறதுக்குள்ள கண்ணுல புரை வந்துச்சு. மூணாவதுக்கு, கோடு போட்ட சாக்பீஸைத் தொடைக்கறதுக்குள்ளயே பாதி நிறைஞ்சிடுச்சு. அதுல ஒரு பேருக்கு முதலும் வரையும் ஒரே மாசம். ‘முதல்’ எழுதின பெயிண்டும் ‘வரை’ எழுதின பெயிண்டும் ஒரே டப்பா சார்.

உங்க பேரை எழுதணும்னு பியூன் ரெண்டு நாளா அலையறாரு. எழுதறேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசணும். கெழவன் சொல்றதைக் கேட்டு யாரும் கெட்டுப் போனதில்ல. உருப்பட்டதும் இல்ல, அது வேற.

உத்தரவுல இன்னா போட்டுக்கீது? ‘மாவட்டக் கல்வி அலுவலர், முழு கூடுதல் பொறுப்பு.’ அப்டின்னா உங்க பள்ளிக்கூடத்துக்கும் நீங்கதான் எச்.எம்., இந்த ஆபீஸுக்கும் நீங்கதான் டி.இ.ஓ. ஒரு சம்பளம், ரெண்டு சாவிக்கொத்து. பலகையில உங்க பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குறி போட்டு ‘பொ’ன்னு எழுதுவேன். நாப்பது வருசமா அந்த ‘பொ’வை எழுதிக்கினு வர்றேன், அது பொறுப்பா, பொறுமையா, பொம்மையான்னு இன்னும் எனக்கு வெளங்கல. சம்பளப் பட்டியல்ல கையெழுத்து போடறப்போ பொறுப்பு. ஆசிரியர் சங்கம் வந்து ஒக்காந்தா பொறுமை. மேலருந்து போன் வந்தா பொம்மை. மூணுக்கும் சேத்து ஒரே எழுத்து, எனக்கும் ஒரே கூலி.

எடம் ஏன் காலியா கெடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா? டீச்சரா சேந்து, எச்.எம். ஆயி, சீனியாரிட்டிப் பட்டியல்ல நின்னு, அந்தப் பட்டியலு மேல யாரோ போட்ட கேஸு ஒரு வழியா முடிஞ்சி, டி.இ.ஓ. உத்தரவு கைக்கு வர்றப்போ கண்ணாடி பவரு ரெண்டு தரம் ஏறியிருக்கும். ஓய்வு வயசு 58ஆ இருந்துச்சு, 2020ல 59 ஆக்கினாங்க, 2021ல 60 ஆக்கினாங்க. அதனால உங்களுக்கு ரெண்டு வருசம் கூடக் கெடைச்சிது. அந்த ரெண்டு வருசத்தையும் ‘பொ’விலயே கழிக்கலாம். பரீட்சை எழுதி நேரா டி.இ.ஓ.வா வர்ற சின்னப் பசங்களும் உண்டு. 2022 டிசம்பர்ல டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு விட்டாங்க, மொத்தம் 11 எடம். மாநிலம் முழுசுக்கும் சார். வடையில ஓட்டைதான் பெருசு.

நீங்க கேக்கலாம், ஆளுதான் இப்டி மாறிக்கினே கீது, ஆபீஸாவது நிலையா நிக்குதான்னு. என் பிரஷ்ஷக் கேளுங்க, அது சொல்லும்.

இந்த மாவட்டம் பொறந்தது 1989 செப்டம்பர் 30. வட ஆற்காட்டை ரெண்டாப் பிரிச்சி, இந்தப் பக்கத்துக்குத் ‘திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்’னு பேரு வெச்சாங்க. எழுத்துக்குக் கூலி வாங்கறவனுக்கு அது ராஜா காலம். 1997ல மாவட்டத்துக்கெல்லாம் தலைவருங்க பேரு வோணாம், ஊரு பேரே போதும்னு சொல்லிட்டாங்க. சம்புவராயர் போயிட்டாரு. அழிக்கறதுக்குத் தனிக்கூலி குடுத்தாங்க, அதனால எனக்கு வருத்தமில்ல.

2018 மே மாசம் அரசாணை 101. பள்ளிக்கல்வியில யாரு யாருக்குக் கீழன்னு மொத்தமா மாத்தினாங்க. உதவித் தொடக்கக் கல்வி அலுவலர்னு இருந்தவரை வட்டாரக் கல்வி அலுவலர் ஆக்கிட்டாங்க. எண்ணிப் பாருங்க: 17 எழுத்து 13 ஆயிடுச்சு. ஒரு பலகைக்கு நாலு எழுத்து நஷ்டம். நம்ம மாவட்டத்துல 18 ஒன்றியம், பெருக்கிக்குங்க. மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர்னு தனியா ஒரு நாற்காலி இருந்துச்சே, 18 எழுத்து, அதையே எடுத்துட்டாங்க. எல்லா அதிகாரமும் முதன்மைக் கல்வி அலுவலர் சி.இ.ஓ. கையில. பாலர் வகுப்புலருந்து ப்ளஸ் டூ வரைக்கும் ஒரே தலையில ஏத்துனாங்க. தலை தாங்குமான்னு தலையக் கேக்கல.

அப்பால 2022 செப்டம்பர்ல அரசாணை 151. தொடக்கக் கல்விக்குத் தனி ஆளு வோணும்தான்னு தோணிடுச்சு. ‘மாவட்டக் கல்வி அலுவலர்’, அடைப்புக்குறிக்குள்ள ‘தொடக்கக் கல்வி’. இப்போ 21 எழுத்து, அடைப்புக்குறி தனி. 18 போயி 21 வந்துச்சு, எனக்கு மூணு எழுத்து லாபம். அரசாங்கத்துக்கு இன்னா லாபம்னு அவங்கதான் சொல்லணும்.

கீழதான் இப்டின்னு நெனைக்காதீங்க. சென்னையில இயக்குநர் நாற்காலி கீதே, உங்களுக்கெல்லாம் பெரிய நாற்காலி, அதையே 2021ல ஓரமா வெச்சிட்டு ஆணையர்னு ஐ.ஏ.எஸ். அதிகாரியைக் குந்த வெச்சாங்க. சங்கத்துக்காரங்க கூச்சல் போட்டாங்க. 2023ல மறுபடியும் இயக்குநர் வந்தாரு. உச்சியில கலசமே ஆடுது, நீங்க படிக்கட்டு ஆடுதேன்னு பயப்படறீங்க.

தோ, நிமிந்து பாருங்க. மலை தெரியுதா? 2,668 அடி. வருசா வருசம் கார்த்திகையில மேல கொப்பரையில ஏத்தற தீபம் பதினொரு நாளு எரியும். ஏத்தறது யாரு? பர்வதராஜ குலத்துக்காரங்க. பரம்பரை பரம்பரையா அவங்கதான். எந்தப் பாறையில கால் வெச்சா வழுக்கும், எந்தப் பக்கம் காத்து திரும்பும், திரியை எப்டி அமுக்கணும்னு அப்பன் புள்ளைக்குச் சொல்லி, புள்ளை பேரனுக்குச் சொல்லி வருது. அவங்களை யாராவது ‘நிர்வாக நலன் கருதி’ ராமேஸ்வரத்துக்கு மாத்திட்டு, ராமேஸ்வரத்துல சங்கு ஊதறவரை இங்க கொண்டாந்து கொப்பரையத் தூக்கச் சொல்லிக்கீறாங்களா? சொன்னா எரியுமா? தீபத்துக்குத் தெரிஞ்ச ஞாயம் பள்ளிக்கூடத்துக்குத் தெரியல.

டீ ஆறுது, குடிங்க. இப்போ புத்தி சொல்லப் போறேன். நிம்மதியா இருக்கணும்னா நாலு வழி கீது.

ஒண்ணு. எந்த ஊரு பேரையும் மனசுல ஏத்திக்காதீங்க. புதுப்பாளையம் எங்க, பெரணமல்லூர் எங்க, தெள்ளாறு எங்கன்னு தேடிப் பாக்காதீங்க. பாத்தா ஒட்டிக்கும். ஒட்டினா, பிய்க்கறப்போ வலிக்கும். எக்ஸெல் ஷீட்ல ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நம்பரு கீது. நம்பரோட நின்னுக்குங்க. நம்பரு அழாது.

ரெண்டு. கூட்டத்துக்கு மட்டும் தவறாமப் போங்க. திங்கக்கிழமை தோ எதிர கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்வு நாள். மத்த நாளு ஆய்வுக் கூட்டம். கூட்டமில்லாத நாளு வீடியோ மீட்டிங். அது முடிஞ்சா வாட்ஸாப்புல ‘மிக மிக அவசரம்’னு நாலு தகவல் கேட்டு வரும். எமிஸ்னு ஆன்லைன் பதிவேடு கீதே, அதுல கீற அதே தகவல்தான். எமிஸ்ல ஏத்திட்டு, அதையே பேப்பர்ல எழுதி, அதை போட்டோ எடுத்து அனுப்பணும். நீங்க வட்டார ஆபீசரு பி.இ.ஓ.வக் கேப்பீங்க, அவரு எச்.எம்.மக் கேப்பாரு, அவரு டீச்சரக் கேப்பாரு, டீச்சரு சாக்பீஸைக் கீழ வெச்சிட்டு போன எடுப்பாங்க. ஒரு அவசரம் எப்டி எறங்குது பாத்தீங்களா? கடைசியில காத்துக்கினு நிக்கறது மூணாங் கிளாஸ் புள்ளை.

மூணு. சென்னைக்குப் போற பஸ் டைமிங்கை மனப்பாடம் பண்ணிக்குங்க. பதவி உயர்வு கேஸு, இன்க்ரிமென்ட் கேஸு, அவமதிப்புக் கேஸு, எல்லாத்துலயும் எதிர்மனுதாரரு நீங்கதான். பத்து வருசத்துக்கு முன்னாடி எவரோ போட்ட கையெழுத்துக்கு ஐகோர்ட் வாசல்ல இன்னைக்கு நீங்க நிப்பீங்க. அதுவும் பலகை தர்ற சொத்துதான்: மேல கீற பேருங்களோட கடன் எல்லாம் கீழ கீற பேருக்கு.

நாலு. ரிசல்ட் வர்ற அன்னிக்கு போன ஆஃப் பண்ணிடுங்க. 2024ல ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துச்சே, ஞாபகம் கீதா? திருப்பூர் முதல்ல, நம்ம மாவட்டம் கடைசியில. 90.47 சதவீதம். தொண்ணூறு மார்க் எடுத்துட்டு வந்து அடி வாங்கற வூட்டை வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா? புள்ளைங்க ரேங்க் பட்டியலை 2017லயே எடுத்துட்டாங்க, புள்ளைங்களுக்கு மன உளைச்சலாம். நல்ல காரியம். மாவட்ட ரேங்க்கை எடுக்கல. ஆபீசருக்கு மனசு இல்லைன்னு கண்டுபிடிச்சிட்டாங்க போல.

சிரிக்காதீங்க சார். இங்கதான் விஷயமே கீது. கடைசிப் பென்ச்சுல நாம ஏன் குந்தினோம்? ஜவ்வாது மலையில பாதி வூடு வருசத்துல பாதி நாளு பூட்டியிருக்கும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் அப்பன் ஆத்தா போவாங்க, புள்ளைங்களும் கூடவே போவும். போறப்போ டி.சி. வாங்கிக்கினு போவாது. ரிஜிஸ்டர்ல ‘வருகை இல்லை’. எந்த ஊரு எந்த மாசத்துல காலியாவுது, எந்த மேஸ்திரி எந்தத் தெருவுக்கு அட்வான்ஸ் குடுக்கறான், எந்தப் பாட்டி வூட்டுல புள்ளைய வுட்டுட்டுப் போவச் சொன்னா வுடுவாங்க, இதெல்லாம் எமிஸ்ல இல்ல. ஒரு வருசம் சுத்தினாத்தான் கண்ணுல படும். ரெண்டாவது வருசம்தான் கையில புடிபடும். மூணாவது வருசம்தான் ஏதாவது செய்ய முடியும். நாம கண்ணுல பட்ட உடனே ஆளை மாத்திடறோம். புதுசா வந்தவரு மறுபடியும் முதல் வருசம். இந்த மாவட்டத்துக்கு வயசு முப்பத்தஞ்சு தாண்டிடுச்சு, ஆனா அதோட கல்வி ஆபீசருக்கு எப்பவுமே ஒரு வயசுதான்.

‘மாத்தாம வெச்சா, ஒரே எடத்துல வேர் விட்டு ஊழல் பண்ணுவாங்களே’ன்னு கேப்பாங்க. ஞாயம்தான். வேர் வுட்டா களையும் வரும். அதுக்காக நெல்லையும் பத்து நாளைக்கு ஒருதரம் புடுங்கிப் புடுங்கி நட்டா அறுக்கறது எப்போ? உச்ச நீதிமன்றமே 2013ல சொல்லிச்சு, டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் போட்ட வழக்குல, அதிகாரிங்களுக்கு இத்தினி வருசம்னு ஒரு கணக்கு வெய்யுங்கன்னு. அடுத்த ஜனவரியில ஐ.ஏ.எஸ்.காரங்களுக்குக் குறைஞ்சது ரெண்டு வருசம்னு விதியைத் திருத்தினாங்க. அதுலயும், முன்னாடியே மாத்தணும்னா மாத்திக்கலாம்னு ஒரு சின்னக் கதவு. கதவு சின்னதுதான், கூட்டம் மொத்தமும் அது வழியாத்தான் போவுது. உங்க நாற்காலி ஐ.ஏ.எஸ். நாற்காலிகூட இல்ல. உங்களுக்குக் கதவும் இல்ல, சுவரும் இல்ல.

என் பேரன் அமெரிக்காவுல கீறான். போன்ல கேட்டேன், அங்க எப்டிடா இதெல்லாம்னு. அங்க பள்ளிக்கூட மாவட்டத் தலைவரை சூப்பரின்டெண்டன்ட்னு சொல்வாங்களாம். நம்ம ஊருல சூப்பரின்டெண்டன்ட்னா டேபிள்ல ஃபைல் அடுக்கி வெச்சிக்கினு மதியம் தயிர்சாதம் சாப்பிடறவரு. அங்க அவருதான் ராஜா. அந்த ஊரு ஜனங்க ஓட்டுப் போட்டு ஒரு போர்டை வெப்பாங்களாம், பெரும்பாலான எடத்துல அந்த போர்டு இவரை வேலைக்கு வெக்கும், இத்தினி வருசம்னு எழுதிக் குடுக்கும். அங்கயும் சண்டை, அங்கயும் பாதியில போறது எல்லாம் உண்டாம். ஆனா அந்த சூப்பரின்டெண்டன்ட்டுங்க சங்கம் நூறு வருசமா, பத்து வருசத்துக்கு ஒருதரம், ‘எப்டி சார் கீறீங்க, வேலையில திருப்தியா’ன்னு உக்காந்து கேக்குதாம். பெரும்பாலானவங்க ‘திருப்திதான்’னு சொல்றாங்களாம்.

இதைக் கேட்டதும் எனக்கு டீ புரையேறிடுச்சு. திருப்தின்றது கெடக்கட்டும் சார். கேக்கறாங்களாமே! உங்களை யாராவது கேட்டுக்கீறாங்களா? உங்ககிட்ட கேட்டதெல்லாம் ‘விளக்கம்’தான். ‘ஏன் தங்கள்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது?’ இந்த டிபார்ட்மென்ட் மனுசன்கிட்ட கேக்கற ஒரே கேள்வி அதுதான்.

ஒழுங்கு நடவடிக்கை விதியில 17 ஏ, 17 பி எல்லாம் தெரியுமில்ல? ‘ஏ’ன்னா சின்ன அடி, ‘பி’ன்னா பெரிய அடி. முப்பத்தஞ்சு வருசம் சர்வீஸ் போட்டு, ரிட்டையர் ஆவற அன்னிக்கு சாயங்காலம் மாலை வரும்னு பாத்தா சஸ்பெண்ட் ஆர்டர் வந்துச்சு. இது இந்த நாட்டுல ரொம்ப நாளா நடந்த வழக்கம். கடைசி நாளுல சஸ்பெண்ட் பண்றது இனி வோணாம்னு 2021ல சட்டசபையிலயே சொல்ல வேண்டி வந்துச்சு. பழக்கம் எவ்ளோ ஆழமா இருந்தா அதுக்கு சட்டசபை வரைக்கும் போவணும்!

இன்னொரு கூத்து பாருங்க. 2024லருந்து மத்திய அரசு தர்ற சமக்ர சிக்ஷா பணம் நின்னுச்சே. பி.எம்.ஸ்ரீ திட்டத்துல கையெழுத்துப் போடுன்னு டெல்லி, போட மாட்டேன்னு சென்னை. 2,152 கோடின்னு கணக்கு சொல்லி தமிழ்நாடு கேட்டுச்சு. ரெண்டு யானை சண்டை போட்டுச்சு. ஆனா ‘சம்பளம் ஏன் லேட்டு?’ன்னு பகுதி நேர டீச்சரு வந்து நிக்கறது எந்த யானை முன்னால? உங்க மேசை முன்னால. நீங்க டெல்லியும் இல்ல, சென்னையும் இல்ல. ஆனா அந்தம்மாவுக்கு எட்டற தூரத்துல கீற ஒரே அரசாங்கம் நீங்கதான்.

போன் அடிக்குது பாருங்க. எடுங்க. ‘கார்த்திகைத் தீபத்துக்குப் பாஸா?’ தெரிஞ்சதுதான். கல்வி ஆபீசருகிட்ட கல்வி கேக்க வர்றவங்களைவிட பாஸ் கேக்க வர்றவங்கதான் ஜாஸ்தி. ‘பாக்கறேன் அண்ணே’ன்னு சொல்லி வெச்சிட்டீங்களா? பரவால்ல, சீக்கிரம் கத்துக்கறீங்க.

ஒரு விஷயம் சொல்றேன். நெ.து.சுந்தரவடிவேலுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. காமராசர் காலத்துல பொதுக்கல்வி இயக்குநரு. வருசக்கணக்கா ஒரே நாற்காலி. அவரு நாற்காலியில குந்தினதைவிட ஊரு ஊரா நின்னதுதான் ஜாஸ்தி. பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு போட்டு, ஊருக்காரங்களைக் கூப்புட்டு வெச்சி, உங்க பள்ளிக்கூடத்துக்கு நீங்க இன்னா தர்றீங்கன்னு கேட்டாரு. ஒருத்தன் பெஞ்சு தந்தான், ஒருத்தன் நிலம் தந்தான், ஒருத்தன் மணி வாங்கித் தந்தான். அப்டி வாங்கின ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துலதான் நான் ‘அ’னா எழுதினேன். பலகை எழுதற கை அங்க புடிச்ச கை. அவரு இன்னிக்கு இருந்தா? மாநாட்டுப் போட்டோ அப்லோட் ஆவலைன்னு ஒரு மெமோ, மூணாம் மாசம் டிரான்ஸ்ஃபர்.

கடைசியா ஒண்ணு. இதை யாருகிட்டயும் சொன்னதில்ல.

ரொம்ப வருசத்துக்கு முன்னாடி ஒரு ஆபீசரு இருந்தாரு. பேரு சொல்ல மாட்டேன், பலகையில கீது, தேடிப் படிச்சிக்குங்க. அவரு பேரை எழுதப் போனேன். ‘பலகை அப்பால எழுதலாம், வண்டியில ஏறு’ன்னாரு. பெயிண்ட் டப்பாவோட ஜீப்புல ஏறினேன். ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். சுவரு வெறிச்சுன்னு கீது. ‘இதுல வாய்ப்பாடு எழுது’ன்னாரு. எழுதினேன். அடுத்த வாரம் வேற ஊரு, அங்க தமிழ்நாடு படம். அதுக்கடுத்த வாரம் உயிரெழுத்து. நான் சுவத்துல எழுதற நேரமெல்லாம் அவரு புள்ளைங்களோட தரையில குந்திக்குவாரு. இன்னா பண்றாருன்னு பாத்தா, ரிஜிஸ்டரை மடியில வெச்சிக்கினு, வராத புள்ளை பேரைப் படிச்சி, ‘இவன் எங்கடா? அவ எங்கம்மா?’ன்னு கேப்பாரு. டீச்சருகிட்ட இல்ல சார், பக்கத்துல குந்தற புள்ளைகிட்ட. புள்ளைங்க பொய் சொல்லாது. ‘சூளைக்குப் போயிட்டான் சார்.’ ‘தங்கச்சியப் பாத்துக்கறா சார்.’ ‘அவனுக்கு சட்டை கிழிஞ்சிடுச்சி சார்.’ ஒவ்வொண்ணா ஒரு நோட்டுல எழுதிக்குவாரு. திரும்பி வர்ற வழியில ரெண்டு வூட்டுக் கதவத் தட்டுவாரு.

மூணு வருசம் இருந்தாரு. எப்டியோ மறந்துட்டாங்க போல, மாத்தல. போற அன்னிக்கு ‘வரை’ எழுத என்னைக் கூப்புட்டாங்க. ஏணி மேல நின்னுக்கினு கேட்டேன், ‘ஏன் சார், இந்த வேலையில உங்களுக்குத் திருப்தியா?’ அவரு மேசை டிராயரை காலி பண்ணிக்கினு இருந்தாரு. ‘இந்த ரூம்ல ஒரு நாளும் இல்லைய்யா’ன்னாரு. ‘ஜீப்புலருந்து எறங்கின நாளெல்லாம் இருந்துச்சு.’

அவ்ளோதான் சார். ஆபீசருங்க ஏன் ஓடிப் போறாங்க, ஏன் வாடிப் போறாங்கன்னு பெரிய பெரிய படிப்பாளிங்க ஆராய்ச்சி பண்ணலாம். எனக்குத் தெரிஞ்சது இதுதான். நீங்க எல்லாரும் ஒரு காலத்துல வாத்தியாரு. பாடம் நடத்தினப்போ ஒரு புள்ளை முகத்துல ‘ஆங், புரிஞ்சிடுச்சு’ன்னு ஒரு வெளிச்சம் வந்துச்சே, அந்த ருசியில வளந்தவங்க. உங்களைத் தூக்கியாந்து, புள்ளையே கண்ணுல படாத ஒரு ரூம்ல குந்த வெச்சிட்டு, பதவி உயர்வுன்னு சொல்றாங்க. தேனீயப் புடிச்சி கண்ணாடி டப்பாவுல போட்டு, டப்பா மேல ‘தேன் இயக்குநர்’னு எழுதற மாரி. எழுதறவன் நான்தான். பாவம் எனக்கும் கொஞ்சம் சேரும்.

சரி, உங்க பேரு விஷயத்துக்கு வருவோம். அரசாங்கம் ‘முதல்’ போட்டுடுச்சு. ‘வரை’யையும் அவங்கதான் போடுவாங்க, உங்களையும் கேக்க மாட்டாங்க, என்னையும் கேக்க மாட்டாங்க. ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல நான் சுண்டற கோடு கீது பாருங்க, அந்த நூலு அகலம்தான் உங்களுது.

அதனால ஒண்ணு பண்ணுவோம். இன்னிக்கு உங்க பேரை சாக்பீஸ்ல எழுதறேன். கூலி வோணாம். நீங்க நாளைக்கு எந்தக் கூட்டம்னாலும் ‘வயித்து வலி’ன்னு சொல்லிட்டு ஜவ்வாது மலைக்கு ஏறுங்க. வயித்து வலிக்கு 17 பி கெடையாது, நான் விசாரிச்சிட்டேன். முன்கூட்டி சொல்லாம ஒரு பள்ளிக்கூடத்துல நுழைஞ்சி, தரையில குந்தி, வராத ஒரே ஒரு புள்ளை பேரைக் கேளுங்க. ஏன் வரலைன்னு பக்கத்துல கீற புள்ளையக் கேளுங்க. யாராவது சாமைக் கஞ்சி குடுத்தா வாங்கிக் குடிங்க, சக்கரை போடாதது, உங்களுக்கு ஒத்துக்கும். வந்து அந்தப் புள்ளை பேரை என்கிட்ட சொல்லுங்க.

அந்தப் பேரு உங்களுக்கு ஞாபகம் இருந்தா, உங்க பேரை எனாமல்ல எழுதறேன். ‘பொ’வை மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடறேன்.

மாஸ்டர், டீ காசு சாரு கணக்குல எழுதிக்கோ. முழு கூடுதல் பொறுப்பு அவருதான்.